நாகாய்சமுராயில் இறங்குவது: ஈடா ரயில் பாதையில் ஒரு வார இறுதி

3 அக்டோபர் 2023, வாசகர் ஒருவரின் கேள்வி

நான் நகோயாவில் பணிபுரிகிறேன். என்னோடு வேலை பார்த்த ஜப்பானிய நண்பர் நாகானோ மாகாணத்தின் தென்கோடியிலுள்ள தம் மலைக்கிராமத்துக்கே திரும்பிவிட்டார். வார இறுதியில் வந்து தங்கும்படி அழைக்கிறார், ஆனால் ரயிலில்தான் வரவேண்டும் என்கிறார். அந்தப் பாதையில் வண்டி ஊர்ந்து போகும் என்றும், நாளுக்குச் சில வண்டிகளே உண்டு என்றும் கேள்விப்படுகிறேன். இரண்டு நாள் விடுமுறையில் ஒரு நாளை ரயிலில் கழிப்பது வீண், வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே அறிவு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உண்டா?

3 அக்டோபர், இரவு

மறுக்கிறேன். உங்கள் நண்பர் சொல்லும் பாதை ஈடா பாதைதான் என்று நினைக்கிறேன். அதே பாதையில், அதே வட்டாரத்தில், எனக்கும் ஒரு நண்பர் இருக்கிறார்.

முதலில் அடிப்படைச் செய்திகள். டொயோஹாஷியில் தொடங்கி டாட்சுனோவில் முடியும் இப்பாதையின் நீளம் 195.7 கிலோமீட்டர். இரு முனைகளையும் சேர்த்து 94 நிலையங்கள் இருப்பதால், சராசரியாக இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை வண்டி நிற்கிறது. முழுத் தொலைவையும் சாதாரண வண்டியில் கடக்க ஆறு முதல் ஏழு மணி நேரம் ஆகும். ஆனால் நீங்கள் முழுத் தொலைவும் போகப்போவதில்லை. டென்ரியூ கிராமத்தின் ஹிராவோகா நிலையம் ஏறக்குறைய பாதையின் நடுவில் இருக்கிறது. டொயோஹாஷியிலிருந்து ஈடா நகர் வரை 'இனாஜி' என்ற விரைவு வண்டி நாளுக்கு இரண்டு முறை ஓடுகிறது. அது ஹிராவோகாவில் நிற்கும், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். காலை பத்து மணிக்குச் சற்றுப் பின் புறப்படும் இனாஜியைப் பிடித்து ஹிராவோகாவில் இறங்கி, அங்கே காரோடு வந்து நிற்குமாறு நண்பரிடம் சொல்லிவிடுங்கள். இதுவே என் பரிந்துரை.

நான் ஹமாமட்சுவில் வசிக்கிறேன். ஜூன் மாதமே போவதாக இருந்தேன். ஜூன் 2ஆம் தேதி வெள்ளிக்கிழமை கொட்டிய மழையில் டொயோஹாஷி நகரமே வெள்ளக்காடானது, ஷின்கான்சென் அதிவேக ரயில் முதற்கொண்டு எல்லாம் நின்றன. மறுநாள் கிளம்பவேண்டிய பயணத்தை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது அக்டோபர் 14, 15 சனி ஞாயிறுக்குத் திட்டமிட்டிருக்கிறேன். போய் வந்து எழுதுகிறேன்.

16 அக்டோபர்

போய் வந்துவிட்டேன்.

டொயோஹாஷியிலிருந்து புறப்படும் முதல் சில கிலோமீட்டர்களில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அங்கே இணையாகக் கிடக்கும் இரண்டு தண்டவாளங்களில் ஒன்று ஈடா பாதையை நடத்தும் ஜேஆர் நிறுவனத்துக்குச் சொந்தம், மற்றொன்று மெய்டெட்சு என்ற தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம். இரு நிறுவனங்களும் தத்தம் ஒற்றைப் பாதையை மற்றவருக்குக் கொடுத்து, இரட்டைப் பாதையாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. எதிரே மெய்டெட்சுவின் சிவப்பு வண்டி வந்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது.

டொயோகாவா, ஷின்ஷிரோ வரை சமவெளியும் வீடுகளும்தான். 1575இல் நாகாஷினோ போர் நடந்த இடத்தைத் தாண்டியதும் மலைகள் இரு பக்கமும் நெருங்கிவருகின்றன. யூயா வெந்நீரூற்றுப் பகுதியில் ஆற்றின் படுகை முழுவதும் பலகை பாவியதுபோலத் தட்டையான பாறை. அதன்மீது நீர் ஓரடி ஆழத்தில் பரந்து ஓடுகிறது. சூபு டென்ரியூவில் பெரிய ஆறு, டென்ரியூ, முதன்முறையாகக் கண்ணில் படும். சுவா ஏரியில் பிறந்து 213 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக் கடலில் கலக்கும் ஆறு இது. ஹமாமட்சுவில் என் வீட்டுக்குக் கிழக்கே அகன்ற மணல் படுகையாகக் கிடக்கும் அதே ஆறுதான் இங்கே இரண்டு செங்குத்து மலைகளுக்கு நடுவில் பச்சை நிறத்தில் அசையாமல் நின்றது என்பதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு சுரங்கம், ஒரு நொடி வெளிச்சம், மறுபடி சுரங்கம். ஷிரோனிஷி நிலையத்தைக் கடந்ததும் வண்டி, டென்ரியூவின் கிளையான மிசகுபோ ஆற்றின் மேல் ஒரு பாலத்தில் ஏறுகிறது, அக்கரையை நோக்கி வளைகிறது, பின் கரையைத் தொடாமலே திரும்பிப் புறப்பட்ட கரைக்கே வந்துவிடுகிறது. சுமார் 400 மீட்டர் நீளமுள்ள இந்த வளைந்த பாலத்தை அங்குள்ளோர் 'கடக்காத பாலம்' என்கிறார்கள். முதலில் மலையைக் குடைந்து சுரங்கமே தோண்டினார்களாம். ஜப்பானை நீளவாக்கில் பிளக்கும் பெரும் நிலப்பிளவு அவ்வழியே செல்வதால் பாறை நொறுங்கிச் சுரங்கம் நிற்கவில்லை. ஆகவே ஆற்றுக்குள் வெளியேறி மலையைச் சுற்றிவந்தார்கள். பாலத்தின் நடுவில் இருபுறமும் நீர் மட்டுமே தெரிந்தபோது, என் பெட்டியில் அதுவரை உறங்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கண்விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி உறங்கினார். பல்லாண்டுப் பழக்கம்போலும்.

ஹிராவோகாவில் நண்பர் சிறிய சரக்கு வண்டியோடு காத்திருந்தார். அவருடைய வீடு டென்ரியூ கிராமத்தைச் சேர்ந்த நாகாய்சமுராய் என்ற குக்கிராமத்தில் இருக்கிறது. இரவு தங்கி, மறுநாள் பிற்பகல் அங்குள்ள நிலையத்திலிருந்தே சாதாரண வண்டியில் திரும்பினேன். மேலே வரும்போது எங்கேயோ ஒரு மான் வண்டியில் மோதிவிட்டதால் ஐம்பது நிமிடம் தாமதம். அந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றித் தனியே எழுதவேண்டும், இன்று முடியவில்லை.

வண்டியின் வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். காட்சி அப்பக்கம்தான்.

17 அக்டோபர்

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். வலப்பக்கம் என்பது யூயா வரைக்கும்தான் சரி. ஓசோரே நிலையத்துக்குப் பின் பாதை டென்ரியூவின் கிழக்குக் கரையை ஒட்டிச் செல்வதால், வடக்கு நோக்கிப் போகிறவருக்கு ஆறு இடப்பக்கம் வருகிறது. நண்பரின் தாயார் இதை என்னிடம் தெளிவாகவே சொன்னார்: "ஓசோரே தாண்டியதும் இடப்பக்கம் பார்." ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது வேறு கதை.

18 அக்டோபர்

நாகாய்சமுராய்க்குத் தெற்கே அடுத்துள்ள கோவாடா நிலையத்தில் இறங்கிப் பார்க்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள்.

இந்நிலையத்துக்கு வாகனச் சாலை கிடையாது. காட்டுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதை மட்டும் உண்டு. 1993 ஜூனில் அன்றைய பட்டத்து இளவரசர் நருஹிடோவை ஓவாடா மசாகோ மணந்தபோது, மணப்பெண்ணின் குடும்பப் பெயரையும் இந்நிலையத்தின் பெயரையும் ஒரே எழுத்துகளால் எழுதுவதால் நாடெங்குமிருந்து மக்கள் வந்து இறங்கினார்கள். இன்றும் ரயில் ஆர்வலர்கள் வருகிறார்கள். விரைவு வண்டி நிற்காது. சாதாரண வண்டியில் இறங்கினால் அடுத்தது வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். கையில் கால அட்டவணை, தண்ணீர், மழைக்கோட்டு இல்லாமல் இறங்காதீர்கள். கடை ஏதும் இல்லை.

வேறோரிடத்தில் எழுதிய பதிலில் கோவாடாவை நாகானோ மாகாணத்தில் வைத்திருந்தேன். தவறு. ஷிசுவோகா, ஐச்சி, நாகானோ ஆகிய மூன்று மாகாணங்களும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் அது இருந்தாலும், நிலையம் நிற்பது ஷிசுவோகா மண்ணில், அதுவும் ஹமாமட்சு நகராட்சி எல்லைக்குள். 2005இல் நடந்த நகராட்சி இணைப்புக்குப் பின் ஹமாமட்சு இத்தனை மலைகளையும் தன்னுள் கொண்டுவிட்டது. நான் வரி கட்டும் நகராட்சியின் வடகோடியில், சாலையே இல்லாத ஒரு நிலையம் இருப்பதை இப்பயணத்தில்தான் அறிந்தேன்.

21 அக்டோபர்

சைவ உணவுக்காரர் போகலாமா என்பது அடுத்த கேள்வி.

போகலாம், முன்கூட்டிச் சொல்லிவிட்டால். காய்கறிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எந்தக் குழம்பிலும் உலர்ந்த கட்சுவோ மீன் சீவல் போட்ட சாறு கலந்திருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் அந்தச் சாற்றை அவர்கள் கணக்கில் எடுக்கமாட்டார்கள். கடற்பாசியும் காளானும் ஊறவைத்த சாறு போதும் என்று விளக்கிச் சொல்லவேண்டும். இப்பாதை செல்லும் இனா பள்ளத்தாக்கின் பழைய உணவுகளில் குளவிக் கூட்டுப் புழுவும் வெட்டுக்கிளியும் உண்டு. விருந்தினருக்கு அவற்றை வைப்பது மரியாதைக்குரிய செயல் என்பதால், வேண்டாதவர்கள் முதலிலேயே பணிவாகச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

எனக்கு அங்கே மறக்கமுடியாத உணவு கத்திரிக்காய். டெய்சா நாசு என்பது டென்ரியூ கிராமத்துக்கே உரிய வகை. ஒரு காய் ஒரு சாண் நீளத்தையும் தாண்டி, கையில் கனமாகத் தொங்குகிறது. மெய்ஜி காலத்தில் இவ்வூர்க்காரர் ஒருவர் டோக்கியோவிலிருந்து விதை வரவழைத்தாராம், அவருடைய பெயரே மருவிக் காய்க்குப் பெயராகிவிட்டது என்றார் நண்பரின் தாயார். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சதையில் கட்டம் கட்டமாகக் கீறி, எண்ணெய் தடவி, மெல்லிய நெருப்பில் வதக்கி, மேலே இனிப்பு கலந்த மிசோ என்ற சோயா விழுதைப் பூசித் தந்தார். தோல் நின்றுகொள்ள, உள்ளே சதை கரண்டியால் அள்ளும்படி வெண்ணெயாகக் குழைந்திருந்தது. எங்கள் ஊர் எண்ணெய்க் கத்திரிக்காயைப் பற்றி நான் சொன்னேன். புளி என்பதை அவருக்குப் புரியவைக்க முயன்று, கடைசியில் உமெபோஷி ஊறுகாயைக் காட்டி 'இதைவிட மென்மையான புளிப்பு' என்றேன். அக்டோபர் பாதியிலும் காய் இருந்தது. பருவத்தின் கடைசிக் காய்கள் அவை.

நான் கொண்டுபோனவை ஹமாமட்சுவின் 'உனாகி பை' என்ற இனிப்பு பிஸ்கட் ஒரு பெட்டி, காபித்தூள், ஒரு பித்தளை வடிகட்டி. தேயிலை பயிரிடும் வீட்டுக்குக் காபி கொண்டுபோவது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். முதல் டிகாஷன் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தாயார் கேட்டார். அரைமணி என்றேன். 'அப்படியானால் இது நல்ல பானம்தான்' என்றார்.

22 அக்டோபர்

செலவு. நகோயாவிலிருந்து வருபவர்களுக்கு அவோசோரா ஃப்ரீ பாஸ் என்ற ஒருநாள் சீட்டு உண்டு. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் செல்லும், 2023இல் விலை 2,620 யென். ஈடா பாதையில் ஈடா நகர் வரை அது செல்லுபடியாவதால், நகோயாவிலிருந்து ஹிராவோகாவுக்கு வாங்கும் ஒருவழிச் சீட்டைவிடவே இது மலிவு. விரைவு வண்டிக்குரிய கூடுதல் சீட்டைத் தனியே வாங்கிக்கொண்டால் இனாஜியிலும் ஏறலாம். போகும் நாளுக்கு ஒன்று, திரும்பும் நாளுக்கு ஒன்று.

நான் போனபோது, கட்டண அட்டையைத் தட்டி ஏறும் பழக்கத்தை டொயோஹாஷியிலேயே விட்டுவிட்டுக் காகிதச் சீட்டு வாங்கவேண்டியிருந்தது. நான் திரும்பிய வண்டியில், ஆளில்லாத ஒவ்வொரு நிலையத்திலும் நடத்துநர் நடைமேடையில் இறங்கி ஓடி, இறங்குகிறவரிடம் சீட்டைப் பெற்றுக்கொண்டு மறுபடி ஏறினார். சில்லறை நாணயங்களும் ஆயிரம் யென் தாள்களும் வைத்திருங்கள், பெரிய தாள் அங்கே யாருக்கும் உதவாது.

29 அக்டோபர்

இந்த இழையின் தொடக்கத்தில் நான் தந்த பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

விரைவு வண்டியில் ஹிராவோகா வரை போய், அங்கே நண்பரைக் காரோடு வரச்சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன். என் நண்பர் அப்படித்தான் வந்தார், ஒரு சொல்லும் குறை கூறவில்லை. ஆனால் நாகாய்சமுராய்க்கும் ஹிராவோகாவுக்கும் இடையிலுள்ள சாலை, ஒரு பக்கம் பாறைச்சுவரும் மறுபக்கம் ஆற்றுப் பள்ளமுமாக, பெரும்பகுதி ஒற்றை வண்டி மட்டுமே செல்லக்கூடிய அகலத்தில் இருக்கிறது. எதிரே வண்டி வந்தால் ஒருவர் அகலமான இடம் வரை பின்னோக்கி ஓட்டவேண்டும். விழுந்து கிடந்த கற்களை நண்பர் இரண்டு முறை இறங்கி அப்புறப்படுத்தினார். என்னை அழைத்துவருவதற்காக அவர் அப்படி ஒருமுறை இறங்கி, ஒருமுறை ஏறியிருக்கிறார். அதே நாகாய்சமுராயில், அவர் வீட்டுக்குக் கீழேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. சாதாரண வண்டியில் வந்திருந்தால், டொயோஹாஷியிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக நான் உட்கார்ந்திருப்பேன், அவர் தோட்டத்தில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த அவருடைய ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

'ரயிலில் வா' என்று உங்கள் நண்பர் சொல்வதன் பொருளை இப்போது வேறுவிதமாக வாசிக்கிறேன். நகரத்திலிருந்து வரும் ஓட்டுநர் அந்தச் சாலையில் தவித்து நின்றால், பின்னோக்கி எடுக்கத் தெரியாமல் ஒரு மணி நேரம் வழியை அடைத்தால், மருத்துவமனைக்குப் போகிற கிழவரின் வண்டியும் நின்றுவிடும். டென்ரியூ கிராமத்தில் இருப்பவர்கள் ஆயிரத்தைச் சற்றே தாண்டியவர்கள், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் காலை வண்டியில் வடக்கே போய் மாலை வண்டியில் திரும்புகிறார்கள். அவர்கள் எல்லோருடைய நாளும் அந்த அட்டவணையின்மேல்தான் நிற்கிறது. இரண்டு நாள் விருந்தினராகப் போகும் நாமும் அதன்மேல் நிற்பதுதான் முறை.

எனவே: டொயோஹாஷியிலிருந்து சாதாரண வண்டி, நண்பரின் ஊரிலேயே இறக்கம். பயணம் மூன்று மணி நேரத்தை நெருங்கும். புத்தகம் வேண்டாம், சன்னல் போதும்.

5 நவம்பர்

இவ்வளவு செங்குத்தான பள்ளத்தாக்கில் பாதையை அமைத்தவர்கள் யார் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு நான் 'சான்ஷின் நிறுவனத்தின் பொறியாளர்கள்' என்று ஒரே வரியில் பதில் தந்து கடந்துவிட்டேன். அது போதாத பதில்.

ஈடா பாதை ஆரம்பத்தில் நான்கு தனியார் நிறுவனங்களின் பாதைகள். 1943 ஆகஸ்டில் அரசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒன்றாக்கியது. அவற்றுள் மிகக் கடினமான நடுப்பகுதியைக் கட்டியது சான்ஷின் ரயில்வே. மிகாவா, ஷினானோ என்ற இரு பழைய நாடுகளின் பெயர்களிலிருந்து ஓரெழுத்து எடுத்துச் சேர்த்த பெயர் அது. பாறைமுகங்களில் தொங்கி அளவெடுக்க ஆள் கிடைக்காத நிலையில், ஹொக்கைடோவின் அசாஹிகாவாவிலிருந்து கவாமுரா கனேட்டோ என்ற நில அளவையாளரை அழைத்தார்கள்; அவர் வட ஜப்பானின் பழங்குடியான ஐனு இனத்தவர். 1893இல் பிறந்த அவர், ரயில்வே அளவைப் பணியில் தேர்ந்தவர். தம் இனத்தவர்களோடு வந்து, கயிற்றில் இறங்கி, டென்ரியூ பள்ளத்தாக்கு முழுவதையும் அளந்தார். பின்னர் கட்டுமானத்திலும் மேற்பார்வையாளராக இருந்தார். ஐனு என்பதற்காகவே இழிவாக நடத்தப்பட்டதும், அவருக்குக் கீழ் வேலை செய்யத் தொழிலாளர் சிலர் மறுத்ததும் அவர் வாழ்வில் சேர்ந்தே வருகின்றன. பள்ளத்தாக்கில் ரத்தம் சிந்தியவர்களில் கொரியத் தொழிலாளர்கள் ஏராளம். கூலி கிடைக்காததால் 1930 கோடையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். கடைசி இணைப்பு 1937 ஆகஸ்டு 20ஆம் தேதி ஓசோரேக்கும் கோவாடாவுக்கும் இடையில் நிறைவுற்றது. கவாமுராவின் தந்தை தொடங்கிய ஐனு நினைவகம் கவாமுராவின் பெயரிலேயே இன்றும் அசாஹிகாவாவில் இருக்கிறது.

இதை எனக்குச் சொன்னவர் நண்பர். சொல்லிவிட்டு, "பெயர் தெரிந்தவர் ஒருவர்தான், பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேரோ" என்றார். இனாஜியின் சாய்விருக்கையில் அமர்ந்து காட்சியை மட்டும் புகழ்ந்து நான் எழுதிய அக்டோபர் 16ஆம் நாள் குறிப்பை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டுகிறேன்.

19 நவம்பர்

மான் மோதிய அந்த ஐம்பது நிமிடம்.

ஞாயிறு பிற்பகல் நண்பரும் அவர் தாயாரும் என்னை வழியனுப்ப நிலையத்துக்கு இறங்கிவந்தார்கள். நாகாய்சமுராய் நிலையம் மலைச்சரிவில் ஒட்டவைத்த ஒற்றை நடைமேடை. மேலே தேயிலைத் தோட்டங்கள், கூரைபோலச் சரிந்த நிலத்தில், வரிசை வரிசையாக. கீழே ஆறு. நாகானோ மாகாணத்தின் தெற்கெல்லையான நிலையம் அதுதான். வண்டி தாமதம் என்று தெரிந்ததும் நான் அவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னேன். தாயார் கேட்கவில்லை. துணிப்பையிலிருந்து குடுவையை எடுத்துத் தேநீர் ஊற்றினார், அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

அவர் பிறந்தது 1949இல், கோவாடாவுக்குக் கீழே ஆற்றங்கரையில். சகுமா அணை கட்டத் தொடங்கியது 1953. அணை எழும்ப எழும்ப நீர் ஏறும் என்பதால் ஆற்றங்கரை வீடுகள் எல்லாம் காலிசெய்யப்பட்டன. சகுமாவிலிருந்து ஓசோரே வரையிலான பழைய தண்டவாளமும் நீருக்குள் போகவேண்டியதாயிற்று. அதனால்தான் இன்றைய பாதை ஆற்றை விட்டு விலகி மிசகுபோ பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிப்போய், ஐந்து கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றின் வழியே ஓசோரேயில் மீண்டும் ஆற்றோடு சேருகிறது. புதிய பாதை 1955 நவம்பரில் திறக்கப்பட்டது, 155.5 மீட்டர் உயர அணை 1956இல் முடிந்தது. நான் வியந்து எழுதிய 'கடக்காத பாலம்' இந்த மாற்றுப்பாதையின் ஒரு பகுதி. அணை இல்லையென்றால் அந்தப் பாலமே இல்லை.

அவருக்கு அப்போது ஆறு வயது. தந்தை வீட்டின் மரத்தூண்களைக் கழற்றி, எண் எழுதி, மேலே நாகாய்சமுராய்க்குக் கொண்டுவந்தார். கடைசி நாள் தாய் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது என்றார். "தண்ணீருக்குள் போகப்போகிற அடுப்படியை எதற்குத் துடைக்கிறாய் என்று அப்பா கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை, துடைத்து முடித்தார்."

டொயோஹாஷி மருத்துவமனைக்குப் போய்வரும்போதெல்லாம், திரும்பும் வழியில் இடப்பக்கச் சன்னலோரம்தான் அமர்வாராம். ஓசோரே தாண்டிச் சுரங்கங்களுக்கு இடையில் ஏரி தெரியும் இடங்கள் அவருக்கு மனப்பாடம். நீர் நிறைந்த காலத்தில் ஒன்றும் தெரியாது. நீர்மட்டம் இறங்கும் காலத்தில் சேறு மட்டும் தெரியும். மேலிருந்து ஆறு கொண்டுவரும் மணலும் சேறும் ஏரியின் அடியில் ஆண்டுக்காண்டு படிந்துகொண்டே போவதால், வீடு இருந்த இடம் இப்போது எத்தனை ஆள் ஆழத்தில் இருக்கிறதோ என்றார். மகன் காரில் அழைத்துப்போகத் தயார்தான். சாலையிலிருந்து அந்த இடம் தெரியாது, ரயிலிலிருந்துதான் தெரியும் என்று காரில் ஏற மறுத்துவிடுகிறார்.

அவர் பேசும்போது கண்ணீர் எதுவும் இல்லை. அணையைத் திட்டவும் இல்லை. 'அந்த மின்சாரம் ஹமாமட்சுவுக்கும் வந்திருக்கும்' என்று மட்டும் சொல்லி எனக்கு இன்னொரு கோப்பை ஊற்றினார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் தேநீரைக் குடித்தேன். வண்டி வந்தது. ஏறி, தெற்கு நோக்கிப் போகிறவருக்கு ஆறு வலப்பக்கம் என்பதால் அங்கே உட்கார்ந்து, கோவாடா வந்து போகும் வரை எழுந்திருக்கவில்லை.

இடமா வலமா என்று 17ஆம் தேதி நான் எழுதிய சிறு திருத்தத்துக்குப் பின்னாலிருந்த 'வேறு கதை' இதுதான். எழுதலாமா என்று அவரிடம் நண்பர் மூலம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

20 நவம்பர்

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. ஓசோரே நிலையத்தில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் ஷிசுவோகாக்காரர்கள் அல்லர். ஆற்றுக்கு அக்கரையில் ஐச்சி மாகாணத்தின் டோமியாமா இருக்கிறது. 2005இல் டோயோனேயோடு இணையும்வரை, தீவுகளை விட்டுப் பார்த்தால் ஜப்பானிலேயே மிகக் குறைந்த மக்கள் வாழ்ந்த கிராமம் அது, இருநூறு பேர் அளவில். அதன் கீழ்ப்பகுதியும் இதே அணையில் மூழ்கியதுதான். நிலையக் கட்டடம் டோக்கியோ நிலையத்தின் சாயலில் கட்டப்பட்டிருப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அந்த ஊர்க்காரர்களுக்கு வெளியுலகுக்கான வாசல் அதுவாக இருந்ததால் அப்படிக் கட்டினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

25 பிப்ரவரி 2024

முதல் கேள்வியைக் கேட்டவர் தம் நண்பரைப் பார்த்துவந்ததாக எழுதியிருக்கிறார். சாதாரண வண்டியில்தான் போயிருக்கிறார். மலையில் பனி பெய்து, ரயில் நின்றுவிடுமோ என்று அஞ்சி ஞாயிறு காலையிலேயே கிளம்பிவிட்டதாகவும், அது வருத்தமாக இருப்பதாகவும் சொல்கிறார். வருந்தவேண்டியதில்லை. இப்பாதையில் மழை அளவு வரம்பைத் தாண்டினாலும் வண்டியை நிறுத்துவார்கள். நிறுத்துவது நல்லது. திங்கட்கிழமை வேலைக்குக் கட்டாயம் போகவேண்டியவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்து முன்னதாகக் கிளம்புவதில் தவறில்லை. முடிந்தால் திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பும் கையில் வைத்திருங்கள்.

10 மார்ச்

வரும் 16ஆம் தேதி நாடெங்கும் ரயில் அட்டவணை மாறுகிறது. மேலே நான் குறிப்பிட்ட நேரங்களை நம்பிக் கிளம்பவேண்டாம், புதிய அட்டவணையைப் பாருங்கள்.

13 மே

இந்த முறை நான் சொன்னபடியே நான் போனேன். சனிக்கிழமை காலை டொயோஹாஷியில் சாதாரண வண்டி ஏறினேன். நாகாய்சமுராயில் இறங்கியவர்கள் இருவர், நானும் கைத்தடி ஊன்றிய ஒரு மூதாட்டியும். நடத்துநர் அவருடைய பையை வாங்கி நடைமேடையில் வைத்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, வணங்கி ஏறினார். நிலையத்தில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. முதல் பறிப்புக் காலம், எல்லோரும் மேலே தோட்டத்தில் இருந்தார்கள். மூதாட்டியின் பையைச் சுமந்துகொண்டு ஏறினேன், அவர் வீட்டு வாசல் வரை.

தோட்டத்தின் சரிவில் நிமிர்ந்து நிற்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. தாயார் எழுபத்தைந்து வயதில், முழங்கால்வரை வரிசைக்குள் இறங்கி, இரண்டு கைகளாலும் பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "எந்தப் பக்கம் உட்கார்ந்தாய்?" என்று கேட்டார்.

"இடப்பக்கம்."

"தண்ணீர் எப்படி இருந்தது?"

"நிறைய இருந்தது" என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார். மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்படி மேடையில் பித்தளை வடிகட்டியைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தது. தூள் தீர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டதாம். நான் பையிலிருந்து அரைக் கிலோ பொட்டலத்தை எடுத்து வைத்தேன்.